ஒரே பெயர், பல கப்பல்கள் - 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' கதை

2025 ஜூன் 14ஆம் தேதி இரவு. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அழையாத விருந்தாளி ஒன்று வந்து இறங்கியது. வளைகுடாவிலிருந்து வரும் விமானம் அல்ல, பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35பி போர் விமானம். கேரளக் கரையிலிருந்து ஏறக்குறைய 100 கடல் மைல் தொலைவில் நின்ற தாய்க்கப்பலிலிருந்து கிளம்பிய அந்த விமானம், வானிலை மோசமானதாலும் எரிபொருள் குறைந்ததாலும் அவசரமாகத் தரையிறங்க அனுமதி கேட்டது. இந்திய விமானப்படை உதவியது. எரிபொருள் நிரப்பிக்கொண்டு மறுநாள் கிளம்பிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. கிளம்ப முடியவில்லை. 10 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள விமானம் தென்மேற்குப் பருவமழையில் நனைந்தபடி நாள்கணக்கில் நின்றது. கேரள சுற்றுலாத் துறையே அதை வைத்து விளம்பரம் போட்டது. மீம்ஸ் பறந்தன, விமானம் மட்டும் பறக்கவில்லை! இங்கிலாந்திலிருந்து பொறியாளர்கள் வந்து பழுதுபார்த்து, ஜூலை 22ஆம் தேதிதான் அது கிளம்பிப் போனது.

நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தூரத்தில் நடந்த இந்த வேடிக்கையை எல்லோரும் ரசித்தோம். ஆனால் அந்த விமானத்தின் தாய்க்கப்பல் பெயரை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? அதன் பெயர் எச்.எம்.எஸ். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ். இந்தப் பெயரில் பிரிட்டிஷ் கடற்படையில் ஓடிய முதல் கப்பல் அல்ல இது. அந்தப் பெயருக்கும் தமிழர்களுக்கும் ஒரு பழைய, கசப்பான சம்பந்தம் உண்டு. அதைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

பெயர் எங்கிருந்து வந்தது?

பிரிட்டிஷ் அரியணைக்கு அடுத்த வாரிசான மூத்த மகனுக்குக் கொடுக்கப்படும் பட்டம்தான் 'வேல்ஸ் இளவரசர்'. ஆள் மாறும், பட்டம் மாறாது. கப்பல் விஷயமும் அப்படித்தான். பழைய கப்பல் உடைக்கப்பட்டாலோ மூழ்கினாலோ, சில ஆண்டுகள் கழித்து அதே பெயரில் இன்னொரு கப்பல் வரும். பழைய கப்பல் போட்ட சண்டைகளின் பெருமையும் புதிய கப்பலுக்குச் சேரும். கணக்குப் பேரேட்டில் போன பக்கத்தின் பாக்கியை அடுத்த பக்கத்தில் முதல் வரியாக எழுதுவார்களே, அது மாதிரி.

இந்த வழக்கம் நமக்கும் புதிதல்ல. 1961இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த விக்ராந்த் 1997இல் ஓய்வு பெற்றது. 2022 செப்டம்பரில் கொச்சியில் அதே பெயரில் புதிய விமானம் தாங்கிக் கப்பல் சேர்ந்தது. 1971 போரில் மூழ்கிய குக்ரியின் பெயரும் 1989இல் புதிய கப்பலுக்கு வைக்கப்பட்டது.

சரி, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கப்பல்களில் முக்கியமானவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

பாய்மரக் காலம்

முதலாவது 1765இல் கடலில் இறக்கப்பட்டது. 74 பீரங்கிகள் கொண்ட மரக்கப்பல். அமெரிக்க விடுதலைப் போர் நடந்த சமயத்தில், 1778இல் மேற்கிந்தியத் தீவுகளில் செயின்ட் லூசியாவைப் பிடித்த பிரிட்டிஷ் படைக்கு இதுதான் தலைமைக் கப்பல். 1783இல் உடைக்கப்பட்டது.

அடுத்தது 1794இல் வந்தது. 98 பீரங்கிகள். இதற்கு ஒரு விசித்திரமான விதி. 1805 ஜூலையில் ஃபினிஸ்டெர் முனை அருகே பிரெஞ்சு - ஸ்பானியக் கப்பல்களோடு நடந்த சண்டையில், தளபதி கால்டர் இதில் இருந்தபடிதான் படையை நடத்தினார். அவர் எதிரியை முழுதாக விரட்டவில்லை என்று குற்றச்சாட்டு எழுந்தது. ராணுவ விசாரணைக்கு அவர் ஊர் திரும்ப வேண்டியிருந்தது. அவரைச் சின்னக் கப்பலில் ஏற்றி அவமானப்படுத்த மனமில்லாமல், நெல்சன் அவருடைய சொந்தக் கப்பலிலேயே போக விட்டார். சில நாட்களில், அக்டோபர் 21ஆம் தேதி, டிரஃபால்கர் போர்! பிரிட்டிஷ் கடற்படையின் மிகப் புகழ்பெற்ற அந்த வெற்றியில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கலந்துகொள்ளவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது 1860இல் கடலில் இறக்கப்பட்டது. 121 பீரங்கிகள், நீராவி எந்திரமும் உண்டு. ஆனால் அதே சமயத்தில் இரும்புக் கவசக் கப்பல்கள் வந்துவிட்டதால், மரக்கப்பல் பிறக்கும்போதே கிழமாகிவிட்டது. சண்டைக்கே போகாமல், 1869இல் 'பிரிட்டானியா' என்று பெயர் மாற்றப்பட்டு, டார்ட்மவுத்தில் கடற்படை மாணவர்களுக்குப் பயிற்சிக் கப்பலாக நின்றது. பின்னாளில் மன்னரான ஐந்தாம் ஜார்ஜ் சிறுவனாக இருந்தபோது பயிற்சி பெற்றது இதில்தான்.

அந்தக் காலத்தில் வேல்ஸ் இளவரசராக இருந்தவர் எட்வர்ட், விக்டோரியா ராணியின் மகன். அவர் 1875 டிசம்பரில் இலங்கையிலிருந்து கப்பலில் வந்து தூத்துக்குடியில் இறங்கி, ரயிலில் மதுரைக்குப் போனார். இந்தப் பட்டத்துக்குரிய மனிதர் தென்தமிழ்நாட்டு மண்ணில் கால் வைத்த கதை அது.

நான்காவது 1902இல் வந்த இரும்புப் போர்க்கப்பல். 1915 ஏப்ரலில் கல்லிப்போலியில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்கள் கரையிறங்கியபோது துணைக்கு நின்ற கப்பல்களில் ஒன்று. முதல் உலகப்போர் முடிந்ததும் 1920இல் பழைய இரும்பாக விற்கப்பட்டது.

அதற்கு அடுத்ததுதான் நம் கதையின் நாயகன்.

ஐந்தாவது கப்பல்

1937 ஜனவரி முதல் நாள் லிவர்பூலுக்கு எதிர்க்கரையான பிர்கன்ஹெட்டில் இதன் கட்டுமானம் தொடங்கியது. முதலில் இதற்கு எட்டாம் எட்வர்ட் மன்னரின் பெயரைத்தான் வைப்பதாக இருந்தார்கள். ஆனால் அவர் 1936 டிசம்பரில் காதலுக்காக முடியைத் துறந்துவிட்டார். எனவே பெயர் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஆனது. இந்த எட்வர்டையும் நம்மவர்களுக்குத் தெரியும். வேல்ஸ் இளவரசராக 1921 நவம்பரில் பம்பாயில் இறங்கியபோதும், 1922 ஜனவரியில் சென்னைக்கு வந்தபோதும், காங்கிரஸ் அழைப்பில் கடையடைப்பும் பகிஷ்காரமும் நடந்தன அல்லவா, அவரேதான்.

கப்பல் 1941இல் கடற்படையில் சேர்ந்தது. நீளம் 227 மீட்டர். 14 அங்குல வாயுள்ள பத்துப் பெரிய பீரங்கிகள். வேலை முழுதாக முடியாமலே, பழுதுபார்க்கும் தொழிலாளர்கள் கப்பலில் இருக்கும்போதே, 1941 மே 24ஆம் தேதி ஜெர்மனியின் பிஸ்மார்க்கோடு மோத அனுப்பப்பட்டது. உடன் சென்ற ஹூட் சில நிமிடங்களில் வெடித்துச் சிதறியது. அதிலிருந்த 1,400க்கும் மேற்பட்டவர்களில் பிழைத்தவர்கள் 3 பேர். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் 7 குண்டுகள் வாங்கியது. ஆனாலும் அது சுட்ட குண்டு ஒன்று பிஸ்மார்க்கின் எண்ணெய்த் தொட்டியைப் பதம் பார்த்தது. அதனால் ஓடித் தப்ப முயன்ற பிஸ்மார்க்கை மூன்றாம் நாள் மற்ற கப்பல்கள் சூழ்ந்து மூழ்கடித்தன.

இரண்டு மாதம் கழித்து, 1941 ஆகஸ்டில், இந்தக் கப்பல் பிரதமர் சர்ச்சிலை ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்து நியூஃபவுண்ட்லாந்துக்குப் போனது. அங்கே அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் காத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை இரு நாட்டு மாலுமிகளும் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தளத்தில் ஒன்றாக நின்று பிரார்த்தனை செய்தார்கள். ஆகஸ்ட் 14ஆம் தேதி அட்லாண்டிக் சாசனம் வெளியானது. அதன் மூன்றாவது அம்சம் முக்கியமானது. எந்த மக்களும் தங்களுக்கு எப்படிப்பட்ட ஆட்சி வேண்டும் என்பதைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையை இரு நாடுகளும் மதிக்கும் என்றது அது.

இதைப் படித்த இந்தியர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? "எந்த மக்களும்" என்றால் நாமும்தானே!

ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1941 செப்டம்பர் 9ஆம் தேதி சர்ச்சில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்து விளக்கம் சொன்னார். அந்த அம்சம் நாஜிகளிடம் சிக்கிய ஐரோப்பிய நாடுகளை மனதில் வைத்து எழுதியது, இந்தியாவும் பர்மாவும் வேறு விஷயம் என்று. 1942 ஜூலையில் காந்தியடிகள் ரூஸ்வெல்ட்டுக்கு எழுதிய கடிதத்தில், இந்தியாவை அடிமையாக வைத்துக்கொண்டு சுதந்திரத்துக்காகப் போரிடுவதாகச் சொல்வது வெறும் பேச்சாகவே ஒலிக்கும் என்ற கருத்தைச் சொன்னார். அடுத்த மாதமே 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் வெடித்தது.

கொழும்பு வழியாக மரணத்துக்கு

1941 அக்டோபர் 25. ஜப்பானை மிரட்டி வைக்க பிரின்ஸ் ஆஃப் வேல்ஸைக் கிழக்கே அனுப்பினார்கள். தலைமை அட்மிரல் டாம் ஃபிலிப்ஸ். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, நவம்பர் 28ஆம் தேதி கொழும்புக்கு வந்தது. டிசம்பர் 2ஆம் தேதி, ரிபல்ஸ் என்ற இன்னொரு பெரிய கப்பலுடன் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது. பத்திரிகைகள் இதைப் பெரிதாக எழுதின. கூட வர வேண்டிய விமானம் தாங்கிக் கப்பல் இன்டோமிடபிள் ஜமைக்கா அருகே தரைதட்டி நின்றுவிட்டதை மட்டும் பலரும் யோசிக்கவில்லை.

டிசம்பர் 8 அதிகாலை ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கியது. கடற்கரையில் அவர்களை முதலில் எதிர்த்துச் சண்டை போட்டவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். அன்று மாலை ஃபிலிப்ஸ் இரண்டு பெரிய கப்பல்களோடும் நான்கு நாசகாரிக் கப்பல்களோடும் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பினார். ஜப்பானியர் இறங்கும் இடத்தைத் தாக்குவது திட்டம். ஆனால் அங்கே பாதுகாப்புக்குப் போர் விமானங்கள் அனுப்ப முடியாது என்று தகவல் வந்தது. இருந்தும் போனார். எதிரி விமானம் பார்த்துவிட்டது என்று தெரிந்ததும் திரும்பினார். வழியில் குவாந்தானில் எதிரி இறங்குவதாக ஒரு செய்தி. போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. அது பொய்ச்செய்தி.

டிசம்பர் 10 காலை 11 மணிக்கு மேல் ஜப்பானிய விமானங்கள் அலையலையாக வந்தன. ஒரு டார்பிடோ பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் பின்பக்கத்தில் வெடித்தது. சுழலியை இயக்கும் இரும்புத் தண்டு வளைந்து, சுற்றிச் சுற்றியே கப்பலின் உட்பகுதியைக் கிழித்தது. தண்ணீர் பாய்ந்தது. மின்சாரம் போனது. மின்சாரம் போனதும் பீரங்கிகள் பல செயலிழந்தன. பிற்பகல் 12.33க்கு ரிபல்ஸ் மூழ்கியது. ஒரு மணி கடந்து சற்று நேரத்தில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் கவிழ்ந்து மூழ்கியது. உதவிக்கு வந்த விமானங்கள் வந்து சேர்ந்தபோது தண்ணீரில் தத்தளிக்கும் மனிதர்களைத்தான் பார்க்க முடிந்தது.

இறந்தவர்கள் 840 பேர். ரிபல்ஸில் 513, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸில் 327. அட்மிரல் ஃபிலிப்ஸும் கப்பல் தலைவர் லீச்சும் அதில் அடக்கம். ஜப்பான் இழந்ததோ விரல் விட்டு எண்ணக்கூடிய விமானங்கள். நடுக்கடலில் ஓடிக்கொண்டிருந்த பெரும் போர்க்கப்பல்கள் விமானத் தாக்குதலால் மட்டுமே மூழ்கியது உலக வரலாற்றில் அதுவே முதல் முறை. போர்க்கப்பல்களின் யுகம் அன்றோடு முடிந்தது என்பார்கள்.

இதில் குளச்சலை நினைக்காமல் இருக்க முடியாது. 1741இல் டச்சுக்காரர்கள் கப்பலில் வந்து குளச்சலில் இறங்கினார்கள். கடலில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கரையில் மார்த்தாண்ட வர்மாவின் படை சூழ்ந்துகொண்டதும் அந்தக் கப்பல் பலம் அவர்களைக் காப்பாற்றவில்லை. சரணடைந்த டிலனாய் பின்பு திருவிதாங்கூரின் தளபதியாகி, உதயகிரிக் கோட்டையிலேயே கல்லறை கொண்டார். கரையில் பிடி இல்லாத கப்பல் அன்று தோற்றது. வானத்தில் பிடி இல்லாத கப்பல் 200 ஆண்டுகள் கழித்துத் தோற்றது.

கப்பல் மூழ்கிய பிறகு யார் மூழ்கினார்கள்?

வரலாற்றுப் புத்தகங்கள் பெரும்பாலும் 840 என்ற எண்ணோடு கதையை முடித்துவிடும். ஆனால் மலாயாவில் அப்போது லட்சக்கணக்கான தமிழர்கள் ரப்பர் தோட்டங்களில் இருந்தார்கள். பஞ்சம் பிழைக்கப் போனவர்கள், கங்காணிகள் அழைத்துப் போனவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். அவர்களைக் காக்கத்தான் அந்தக் கப்பல்கள் வந்தன என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. கப்பல்கள் போன 67ஆம் நாள், 1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் சரணடைந்தது. துரைமார்களில் பலர் முன்பே கிளம்பிவிட்டார்கள். தோட்டத் தொழிலாளி எங்கே போவான்?

ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். அதுதான் சயாம் மரண ரயில். 60,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளும், அவர்களைப்போல் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்களும் அதில் வேலை செய்தார்கள். மலாயாவிலிருந்து கொண்டு போகப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். நல்ல சம்பளம் என்று ஏமாற்றப்பட்டுப் போனவர்கள் சிலர், பலவந்தமாக லாரியில் ஏற்றப்பட்டவர்கள் பலர். காலரா, மலேரியா, பட்டினி, அடி. போர்க்கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

'இருக்கலாம்' என்ற இந்தச் சொல்லைக் கவனியுங்கள். கப்பலில் இறந்தவர்கள் 840, ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. போர்க்கைதிகளுக்கும் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள், பெயரோடும் வயதோடும் உண்டு. தமிழ்த் தொழிலாளிக்கு எண்ணிக்கையே ஒரு மதிப்பீடுதான். அவர்களுக்காகக் காஞ்சனபுரியில் ஒரு நடுகல் வைக்க 2023ஆம் ஆண்டு ஆனது. 80 ஆண்டுகள்!

வேறு பாதையில் போனவர்களும் உண்டு. பிரிட்டன் தோற்கும் என்பதைக் கண்ணால் பார்த்த இந்தியர்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். தோட்டத் தொழிலாளர்களும், ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தமிழ்ப் பெண்களும் அதில் இருந்தார்கள். திருவிதாங்கூரின் வக்கம் ஊரைச் சேர்ந்த அப்துல் காதர் வேலை தேடி மலாயா போனவர். இந்திய விடுதலைக்காகப் பயிற்சி பெற்று, ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலபார்க் கரையில் ரகசியமாக இறங்கியபோது பிடிபட்டார். 1943 செப்டம்பர் 10ஆம் தேதி சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் பிறந்த ஊருக்கும் அந்த எஃப்-35 நின்ற ஓடுபாதைக்கும் அதிக தூரம் இல்லை.

மறுபடியும் அதே பெயர்

மூழ்கிய கப்பல் இன்றும் தென்சீனக் கடலில் சுமார் 68 மீட்டர் ஆழத்தில் தலைகீழாகக் கிடக்கிறது. 2002இல் அதன் மணியை மட்டும் எடுத்து இங்கிலாந்துக்குக் கொண்டு போனார்கள். இரும்புக் கொள்ளையர்கள் கப்பலையே துண்டு துண்டாக அள்ளிப் போவதாகப் புகார் எழுந்து, 2023இல் மலேசிய அதிகாரிகள் ஒரு சீனக் கப்பலைப் பிடித்தார்கள்.

புதிய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் விமானம் தாங்கிக் கப்பல். நீளம் 280 மீட்டர், எடை சுமார் 65,000 டன். பழைய கப்பலைக் கொன்றது விமானம், புதிய கப்பலின் ஆயுதமே விமானம். இது கடற்படையில் சேர்ந்த நாள் 2019 டிசம்பர் 10. ஆம், பழைய கப்பல் மூழ்கிய அதே நாள். 2022இல் கிளம்பிய மறுநாளே இதற்கும் சுழலித் தண்டில்தான் கோளாறு வந்தது! 2025இல் இந்தியப் பெருங்கடல் வழியாகச் சிங்கப்பூர், ஜப்பான் வரை போய், திரும்பும்போது அக்டோபரில் இந்தியக் கடற்படையோடு கூட்டுப் பயிற்சி செய்து மும்பைக்கும் வந்தது. ஆளும் நாட்டின் கப்பலாக அல்ல, விருந்தாளியாக.

அதே மும்பையில் 1905இல் அப்போதைய வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய அருங்காட்சியகம் இருக்கிறது. பல காலம் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியம் என்றே இருந்தது. 1998இல் அதற்கு சத்ரபதி சிவாஜி பெயரை வைத்தார்கள். நாம் பெயரை மாற்றினோம், அவர்கள் பெயரை வைத்துக்கொண்டார்கள். இரண்டும் அவரவர் உரிமை.

ஆனால் ஒரு பெயரைத் தொடர்ந்து வைத்துக்கொண்டால் அதன் கணக்கும் தொடர்ந்து வரும். பிரிட்டிஷ் கடற்படை தன் 840 பேரை மறப்பதில்லை. அது பாராட்ட வேண்டிய விஷயம். அந்தக் கப்பலின் தளத்தில் பேசிய சுதந்திரம் யாருக்கு மறுக்கப்பட்டது, அந்தக் கப்பல் மூழ்கியதால் யார் காட்டில் செத்தார்கள் என்பதெல்லாம் அந்தப் பேரேட்டில் எழுதப்படாத வரிகள். அவற்றை அவர்கள் எழுத மாட்டார்கள். எழுத வேண்டியவர்கள் நாம்தான்.

நம் மாவட்டத்திலும் வீட்டுக்கு வீடு மலாயா போன தாத்தா, சிலோன் போன பாட்டன் என்று கதைகள் கிடக்கின்றன. திரும்பி வந்தவர்களின் கதையாவது ஓரளவு தெரியும். திரும்பி வராதவர்களின் பெயர் கேட்டால், வீட்டில் வயதான யாராவது ஒருவருக்கு மட்டும் நினைவிருக்கும். இந்த விடுமுறையில் அவர்களிடம் கேட்டு, அந்தப் பெயரையும் ஊரையும் போன ஆண்டையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர்கள் பெயரை எந்தக் கப்பலுக்கும் யாரும் வைக்கப் போவதில்லை.